ஒன்றில் வைத்த காற்று

"ஃபேனே சுத்தலம்மா, நான்தான் சொல்றேன்ல..."

"சுத்துதுங்க. என் காதால கேக்குறேன். சுத்துது, ஆனா காத்துதான்..."

"சுத்துனா காத்து வராதா? வண்டி ஓட்டுறது நானா, நீயா?"

"ஓட்டுறவருக்கு ரோடுதான் தெரியும். மூஞ்சில காத்து படுதா இல்லையான்னு பக்கத்துல சும்மா உக்காந்து வர்றவளுக்குத்தான் தெரியும்."

இருவருக்கும் நடுவில் நின்ற ஏசி மெக்கானிக், யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டிவைத்தாள். நாற்பது வயதிருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கழுத்தில் ஒரு அழுக்குத் துண்டைப் போட்டிருந்தாள். கடைசியில் கை இரண்டையும் உயர்த்திச் சண்டையை நிறுத்தினாள்.

"ஐயா ஃபேன் சுத்தலங்கிறார். அம்மா சுத்துதுங்கிறீங்க. சுத்தலன்னா அது மோட்டார் கோளாறு. சுத்தியும் காத்து வரலன்னா வழியில எங்கயோ அடைப்பு. ஒருத்தர் தலைவலிங்கிறீங்க, ஒருத்தர் வயித்துவலிங்கிறீங்க. நான் எதுக்குன்னு மருந்து குடுக்கறது?"

அந்த ஷெட்டுக்கு அந்தக் கார் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை, வண்டி ஓட்டுகிறவர் சொன்னதை நம்பி, மெக்கானிக் ஃபேன் மோட்டாரைக் கழற்றி வயர் வயராகப் பார்த்தாள். அது பம்பரம் போலச் சுற்றியது. இரண்டாவது தடவை கேஸ் அளவைப் பார்த்தாள். கொஞ்சம் குறைவாக இருந்ததால் நிரப்பினாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்துச் சோதித்தபோது ஐஸ்பெட்டியைத் திறந்தது போலக் குளிர்ந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் அதே கதை. புறப்படும்போது சில்லென்று இருக்கும், பாதி வழியில் செத்துப்போகும், மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போலக் குளிரும். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி, மெக்கானிக் முன்னால் மட்டும் அந்த ஏசிக்கு ஒரு நோயும் கிடையாது.

"இன்னிக்குள்ள சரியாகணும்மா," என்றார் அவர். "நாளன்னிக்கு இவ தங்கச்சி ஊருக்குப் போறோம். அரைநாள் ஓட்டம். இவளுக்கு வெயில் ஆகாது. ஒத்தைத் தலைவலி வந்துடுச்சுன்னா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டா."

அவர் மனைவிக்குச் சுருக்கென்றது. அனுப்பிவைப்பதில்தான் எத்தனை அவசரம், எத்தனை கரிசனம்.

அவர் ஒரு அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் தையல்காரி. வீட்டின் முன் அறையில் மெஷினைப் போட்டு, ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவைக் கையில் வைத்திருப்பவள். மிதித்துக்கொண்டே பேசுவாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசுவாள், வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டும் பேசுவாள். கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எங்க, ரேடியோவைப் போடு, இன்னிக்கு என்ன சேதி?" என்பார். அவளும் போடுவாள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஓடும்.

அதெல்லாம் எப்போது நின்றது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் என்று நினைக்கிறாள். பகலெல்லாம் ஒரே வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அவள் என்ன சொன்னாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு "ம்". கொஞ்சம் நீளமாகச் சொன்னால் ஒரு "சரி". கேள்வி கேட்டாலும் "சரி"தான். பால் வாங்கணுமா, தயிர் வாங்கணுமா என்று கேட்டால்கூட "சரி". சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும் என்று அவள் வாடிக்கைக்காரிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தனியாக இருக்கும்போது சிரிப்பு வரவில்லை.

காரில் ஏறினால் மட்டும் ஏனோ பழைய மனுஷன் திரும்பி வந்துவிடுவார். "ம், அப்புறம்?" என்பார். "அவ என்ன சொன்னா அதுக்கு?" என்பார். காரில் பேப்பர் கிடையாது, டிவி கிடையாது, ஓடி ஒளிய இடம் கிடையாது, வேறு வழியில்லாமல் கேட்கிறார் என்று அவள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே மனசிலிருந்ததைச் சொன்னாள். தங்கச்சி ஒண்டியாக இருக்கிறாள், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் போய் அவளோடயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். சொல்லிவிட்டுக் குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றாள். நாற்காலி நகரும், எழுந்து வருவார், 'ஏன், உனக்கு இங்க என்ன குறைச்சல்' என்று கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். கூடத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"சரி."

அந்தச் சரியை அவள் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. மறுநாளே பெரிய பெட்டியை இறக்கி அடுக்க ஆரம்பித்தாள். துணிகளுக்கு நடுவில், பழைய துண்டில் சுற்றி, தன் பெரிய கத்தரிக்கோலையும் வைத்தாள். தையல்காரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனால் அது நாலு நாள் விருந்துக்குப் போகிற பயணமில்லை. பெட்டியின் கனத்தை அவர் தூக்கிப் பார்த்தார். "தங்கச்சிக்கு ரொம்பத்தான் கொண்டுபோற," என்று மட்டும் சொன்னார். பிறகு ஏசியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக் துண்டால் கையைத் துடைத்தாள். "இங்க நிறுத்திவச்சுப் பாத்தா இது நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். ஓட்டிப் பாத்துடுவோம். நான் பின்னால உக்காந்துக்கறேன். நான் ஒருத்தி இருக்கேன்னே நெனைக்காதீங்க. வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க."

ஊரைச் சுற்றிப் போகிற அகலச் சாலையில் வண்டி ஏறியது. டேஷ்போர்டின் நடுவில், காற்று வரும் ஏசி ஜன்னலில் மெக்கானிக் பேனா மாதிரி ஒரு வெப்பமானியைச் செருகியிருந்தாள். ஃபேன் மூன்றில் இரைந்தது. குளிர் முகத்தில் அடித்தது. அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அவள் தன் பக்கத்துக் கண்ணாடி வழியே மரங்களைப் பார்த்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சண்டை பாதியில் நின்றிருந்தது, பின்னால் வேற்று மனுஷி வேறு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சுற்று முடிந்தது. ஏசி குளிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாவது சுற்றும் முடியப்போனது. வெப்பமானியின் முள் அசையவில்லை. மெக்கானிக் கொட்டாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா," என்றார் அவர். "உங்களைக் கண்டா மட்டும் இதுக்குப் பயம்."

"வழக்கமா இப்படித்தான் போவீங்களாங்க? ரெண்டு பேரும் வாயத் தெறக்காம?"

அவர் சிரித்தார். "இவளா? நல்லாக் கேட்டீங்க. இன்னிக்கு ஏசி ஓடுது, ரேடியோதான் ரிப்பேர்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டாள். அதையும் வேற்று மனுஷியிடம், கேலியாக. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்ககிட்ட பேசினால்தானே என்று நினைத்துக்கொண்டு, சீட்டில் திரும்பி உட்கார்ந்து மெக்கானிக்கிடம் ஆரம்பித்தாள்.

அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தியைப் பற்றிய கதை அது. வருஷம் தவறாமல் ஒரே ஒரு நீல உடுப்பைக் கொண்டுவருவாள். துணி சுருங்கிப்போச்சு, கொஞ்சம் விட்டுக்கொடு என்பாள். இவளும், ஆமாம், இந்தக் காலத்துத் துணி எல்லாம் இப்படித்தான் என்று பதில் சொல்லிவிட்டு, பக்கத்துக்கு இத்தனை என்று பிரித்துவிடுவாள். உள்ளே மடித்துவைத்த துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. போன தடவை, இனிமேல் பிரிக்க ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நீல நிறத்தில் வேறு துணி தேடி அலைந்து, கைக்கடியில் ஒரு பட்டை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொடுத்தாளாம். போட்டுப் பார்த்த வாடிக்கைக்காரி கண்ணாடி முன்னால் நின்று என்ன சொன்னாள் தெரியுமா?

"என்ன சொன்னா?" என்றது முன் சீட்டிலிருந்து ஒரு குரல். அவர்தான்.

"பாத்தியா, நான் இளைச்சிட்டேன்னா!"

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண் முன்பக்கம் ஒரு இடத்தில் நிலைத்து நின்றது. தையல்காரி கவனிக்கவில்லை. அவளுக்கு வேகம் வந்துவிட்டது. அந்தக் கதையிலிருந்து இன்னொரு கதைக்குத் தாவினாள்.

"நிறுத்தாதீங்கம்மா," என்றாள் மெக்கானிக், முன்னால் சாய்ந்து. "பேசுங்க பேசுங்க. நல்லா இருக்கு."

இப்படி ஆசையாகக் கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா? மூன்றாவது சுற்று போனதே தெரியவில்லை. நாலாவது சுற்றின் பாதியில், பின்கழுத்தில் வியர்வை கோத்தது. கையை நீட்டி ஏசி ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். மூச்சுவிடுவது போல, இருக்கிறதா இல்லையா என்று ஒரு காற்று. அதுவும் குளிராக இல்லை.

"நின்னுடுச்சு," என்றாள்.

"சொன்னேன்ல, ஃபேன் சுத்தல," என்று வழக்கம்போல அவர் கதவுக் கண்ணாடியைத் திறக்கப் போனார்.

"திறக்காதீங்க ஐயா. ஒண்ணையும் தொடாதீங்க. ஓரமா நிறுத்துங்க, இன்ஜின் ஓடட்டும்," என்றாள் மெக்கானிக்.

ஒரு நீளமான மதில் சுவரின் நிழலில் வண்டி நின்றது. மெக்கானிக் இறங்கி முன்பக்கம் வந்து, தையல்காரியின் முழங்காலுக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டியை மொத்தமாகக் கழற்றினாள். அதற்குப் பின்னாலிருந்த ஃபில்டரை உருவினாள். டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தாள். பிறகு, "அம்மா, கையக் குடுங்க," என்றாள்.

அவள் விரலைப் பிடித்து அந்தப் பொந்துக்குள் மெல்ல நுழைத்தாள். விரல் நுனி எதிலோ இடித்தது. கெட்டியாக, வழுவழுவென்று, ஜில்லென்று.

"ஐஸா?"

"ஐஸேதான். உங்க ஏசி குளிரலங்கிறது தப்பு. அளவுக்கு மேல குளிர்ந்து உறைஞ்சுபோயிருக்கு. காத்தக் குளிர வைக்கிற கூலிங் காயில் மேல வேர்க்கிற தண்ணி அப்படியே ஐஸாகி வழிய மூடிக்கிச்சு. பின்னால ஃபேன் பாட்டுக்குச் சுத்துது. காத்து எங்கருந்து வரும்? வண்டிய நிறுத்தினா ஐஸ் உருகி ஒழுகிடும். என்கிட்ட வரும்போது எல்லாம் சரியாயிடும். ரெண்டு தடவையும் முழு வேகத்துல வச்சுப் பாத்தேன் நானு. அந்த வேகத்துல இது உறையவே உறையாது. என் மேலயும் தப்பு."

"அப்ப ஃபேன் சுத்துது," என்றாள் அவள், ஜெயித்த குரலில். "கேளுங்க இப்பயாவது. நல்லா உர்ர்னு சுத்துது பாருங்க."

அவர் குனிந்தார். அந்தப் பொந்தின் பக்கம் தலையைக் கொண்டுவந்தார். குனிந்த வாக்கில் வலது காதுதான் பொந்துக்கு நேரே வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, பூட்டைத் திறக்கிற ஆள் போல, கூர்ந்து கேட்டார்.

"எங்க?" என்றார்.

மெக்கானிக்கும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றாள் மெக்கானிக், குரலை இறக்கிக்கொள்ளாமல், வேறெதையோ விசாரிக்கிற மாதிரி. "அம்மா பேச ஆரம்பிச்சதும் நீங்க ஃபேன் வேகத்த மூணுலேருந்து ஒண்ணுக்குத் தள்ளுனீங்க. குளிர மட்டும் கடைசிவரைக்கும் முறுக்கிவிட்டீங்க. நான் பாத்துட்டுதான் இருந்தேன். எப்பவும் அப்படித்தான் வைப்பீங்களா?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "ஆமா. அவளுக்கு வெயில் ஆகாது, அதனால குளிரக் கூட்டி வைப்பேன்."

"ஃபேன் ஏன் ஒண்ணுல?"

"இரைச்சல்."

"என்ன பெரிய இரைச்சல்?"

அவர் எதிரே மதில் சுவரில் யாரோ பாதி எழுதி விட்டுப்போன விளம்பரத்தைப் படிப்பது போல வெளியே பார்த்தார்.

"அந்த இரைச்சல்ல இவ பேசறது கேக்க மாட்டேங்குது," என்றார்.

ஐஸ் உருக வேண்டும் என்று மெக்கானிக் இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று வண்டிக்கடியில் குனிந்தவள், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தையல்காரி விரல் நுனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குளிர் இன்னும் விறுவிறுத்தது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் டேஷ்போர்டுக்கடியில் மல்லாந்து படுத்து வேலையை ஆரம்பித்தாள். காயிலில் ஒரு சின்ன சென்சார் குத்திவைத்திருக்குமாம். உறையப் போகிறது என்றால் அதுதான் ஏசிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லுமாம். அது இருந்த இடத்திலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் காற்றை வேகமாக வைப்பதால், நழுவினாலும் லேசில் தெரியாது. இங்கேதான் ஒன்றுக்கு மேல் போவதில்லையே.

அவர்கள் இருவரும் சுவரோரத்து மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி மெக்கானிக்கின் ஷெட்டில் ஏசி இல்லை. மேலே ஒரு பழைய சுவர் ஃபேன், எதைக் கேட்டாலும் இல்லை இல்லை என்பது போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு இரைந்தது.

அவள் மனசு பின்னாலிருந்து முன்னால் பிரித்துக்கொண்டு வந்தது, தப்பாகத் தைத்த தையலைப் பிரிப்பது போல. படுக்கையில் தூங்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டார். ஜன்னல் காற்று வேண்டும் என்றார். சாப்பிடும்போது அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலிதான் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். கடைத்தெருவில் நடக்கும்போது சுற்றிக்கொண்டு அவளுக்கு வலப்பக்கம் வருவார், வண்டிகள் வரும், நீ உள்பக்கம் நட என்று சொல்வார். காரிலோ, ஒன்றும் செய்யாமலே அவரது இடது காது அவள் பக்கம். அச்சகத்தில் அந்தப் பெரிய மெஷின் அவருக்கு எந்தப் பக்கம் நின்றது? ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்திருக்கிறாள். வலப்பக்கம்.

அவள் எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவரைச் சுற்றி வந்து, வலப்பக்கம் உட்கார்ந்தாள். எதிரே பார்த்துக்கொண்டு, உதட்டை அதிகம் அசைக்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"பெட்டியில கத்தரிக்கோல வச்சிருக்கேன்."

அவர் தலையசைத்தார்.

"சரி," என்றார்.

அதே சரி. அளவு எடுத்து வெட்டியது போல அதே சரி. மறுபடியும் எழுந்தாள். மறுபடியும் சுற்றி வந்தாள். இடப்பக்கம் உட்கார்ந்து, அதே குரலில், அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

அவர் சட்டென்று திரும்பினார். "கத்தரிக்கோலா? அத எதுக்கு அங்க தூக்கிட்டுப் போற?"

அதற்குள் மெக்கானிக் டேஷ்போர்டுக்கடியிலிருந்து வெளியே வந்து, முடிந்தது என்று கையைத் தட்டினாள். சென்சாரை இடத்தில் குத்தி, இனி நழுவாமல் கட்டியும் விட்டாளாம். "ஐயா இஷ்டம்போல ஒண்ணுலயே வச்சுக்கலாம்," என்றாள் அவரது இடப்பக்கமாக வந்து நின்று. அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். "குளிர மட்டும் கடைசி கோட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. அதுக்கு முந்தின கோட்டுல நிறுத்துங்க. அம்மா எவ்வளவு பேசினாலும் தாங்கும்."

வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தது. ஃபேன் மூன்றில் இரைந்தது. அவர் கை நகர்வதற்கு முன்னால் அவள் கை நகர்ந்தது. திருகைப் பிடித்து ஒன்றுக்குக் கொண்டுவந்தாள். இரைச்சல் அடங்கியது. டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் அவளுக்கு.

அவர் ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?" என்றாள்.

"என்னத்தை?"

"நடிக்காதீங்க. அந்தப் பக்கத்துக் காது எப்பலேருந்து இப்படி?"

அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். சிவப்பு சிக்னல் விழுந்தது. நின்றார். "ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமாத்தான். வீட்ல உன் மெஷின் ஓடும்போது ஒண்ணுமே பிடிபடாது. நீ வாய அசைக்கிறது தெரியும். சிரிச்சா நானும் சிரிப்பேன்."

"நான் சிரிக்காம ஏதாவது சொன்னா?"

"சரின்னுடுவேன். சரின்னு சொன்னா அனேகமா எல்லாத்துக்கும் பொருந்திடுது."

அவள் அந்தச் சாயங்காலத்தைச் சொன்னாள். குழாய்த் தண்ணீரை, தங்கச்சியை, அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னதை, கூடத்திலிருந்து வந்த அந்த ஒற்றை வார்த்தையை. அதனால்தான் பெரிய பெட்டி, அதனால்தான் கத்தரிக்கோல் என்றாள். அழக்கூடாது என்று நினைத்ததால் கணக்கு ஒப்பிக்கிறவள் மாதிரி வேகமாகச் சொல்லி முடித்தாள்.

பச்சை விழுந்து பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அது அவருக்குக் கேட்டதோ என்னவோ. மெல்ல வண்டியை நகர்த்தி, முதலில் கிடைத்த மர நிழலில் ஓரங்கட்டி நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்திருந்தார்.

"அதுக்கா சரின்னேன்?"

"அதுக்குத்தான்."

"நீயும் நம்பிட்டியா? இருந்துக்கன்னு நான் சொல்லுவேன்னு?"

"ஒரு வார்த்தைல சொல்லிட்டீங்களே. நம்பாம என்ன செய்ய?"

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவளுக்கு அவசரப்படுத்தக் கூடாது என்று பட்டது.

"காது போயிடுச்சுன்னு சொன்னா நீ என்ன பண்ணுவ?" என்றார். "எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. அம்மா கத்திக் கத்திப் பாத்தாங்க. அப்புறம் அலுத்துப்போச்சு. சாப்பாடு ஆச்சு, மாத்திரை போடுங்க, கதவச் சாத்துங்க. அவசியமானத மட்டும் சொல்லுவாங்க. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. நீயும் அப்படி ஆயிடுவியோன்னுதான்."

"அவசியமானது காதுல விழுந்தா போதாதா?"

"அவசியமானது யாருக்கு வேணும்?" என்றார் அவர். "சாப்பாடு ஆச்சுன்னா வாசனையே சொல்லும். அந்த நீல உடுப்புக்காரி கதைய எவ சொல்லுவா எனக்கு?"

அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சைக்கிள் அவளுக்குக் கலங்கித் தெரிந்தது. குளிர்ந்த காற்று ஒன்றில், பதமாக, அவள் கழுத்தைத் தொட்டுக்கொண்டு போனது.

"காது டாக்டர்கிட்ட போவோம்," என்றாள். "இந்த வாரமே."

"போவோம்."

"சரிங்கிறதுக்குப் பதிலா போவோம்னு சொல்றீங்களா?"

"கேட்டுத்தான் சொல்றேன்."

"தங்கச்சி வீட்டுக்கும் போகணும். ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடணும். ரெண்டு பேருமா. அவ வீட்டுக் கதவத் தட்டும்போதும் இனிமே நீங்க என் வலப்பக்கம்தான் நிக்கணும், தெரியுதா?"

"கத்தரிக்கோல?"

"வீட்டுக்குப் போனதும் எடுத்து வைக்கிறேன். நாலு பேர் துணி பாதியில நிக்குது."

அவர் தலையாட்டினார். கியரைப் போட்டார். போட்டவர் வண்டியை எடுக்கவில்லை. ஏதோ மறந்துபோனதைத் தேடுகிறவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

அன்றைக்கு நாலாவது சுற்றில் ஏசி நின்றுபோனபோது அவள் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய சித்தியின் கதை. கல்யாணத்தன்றைக்குக் காலையில் சித்தி ஒரு அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அப்பா கெஞ்சினார், அண்ணன்மார் மிரட்டினார்கள், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. கடைசியில் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு அந்த மாப்பிள்ளையே கதவருகே வந்து நின்றார். அதுவரை சொல்லியிருந்தாள். அப்போதுதான் காற்று நின்றது. ஃபேன் சுற்றுகிறது, சுற்றவில்லை என்று சண்டை வந்தது. கதை அங்கேயே நின்றுபோனது. இவர் காதில் அதில் ஒரு சொல்லாவது விழுந்திருக்குமா என்றுகூட அப்புறம் அவள் நினைத்ததில்லை.

அவர் உடம்பை முழுவதுமாக அவள் பக்கம் திருப்பினார். இடது காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"ஏய் ரேடியோ," என்றார். "கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டு அந்த மாப்பிள்ளை உங்க சித்திகிட்ட என்ன சொன்னாருன்னு நீ சொல்லவே இல்லியே?"